ஒரு மாயக்கதைக்கு எழுதிய ஆய்வறிக்கை

அரசு ஊழியர் ஒருவர் எழுதும் புத்தகம் முற்றிலும் இலக்கியம், கலை அல்லது அறிவியல் சார்ந்ததாக இருந்தால், அதை வெளியிட முன் அனுமதி பெறத் தேவையில்லை. நடத்தை விதிகள் இதைத்தான் சொல்கின்றன. படித்துப் புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். எங்கள் அலுவலகத்து உதவியாளர் முத்துமாரி செய்த ஒரே தவறு, தேவையில்லாத அந்த அனுமதியை எழுத்து மூலமாகக் கேட்டதுதான்.

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இளம் அலுவலர்கள் இரண்டு பேர் விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது எல்லா அனுமதியும் கணினி வழியாகத்தானாம். அவர்களில் ஒருவர் சிறுகதை எழுதுகிறார். திரையில் படைப்பின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, கட்டுரை, பாடநூல், இதர என்று மூன்றுதான் இருக்கிறது, எதை அழுத்துவது என்று கேட்டார். எதையும் அழுத்தாதீர்கள், கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்த கதையை எழுதுங்கள் என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குத்தான் அதன்பின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். செய்தித்தாளை எடுத்தேன், வைத்தேன். மனைவி இரண்டு முறை என்னவென்று கேட்டுவிட்டுப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். நடந்து தீராததை எழுதியாவது தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் படித்தேன். தேர்வு எழுதினேன். பயிற்சி என்ற பெயரில் சிலர் எனக்குக் கோப்புத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பட்டாசு ஆலைகளை ஆய்வு செய்யும் அலுவலராக சிவகாசிப் பக்கம் வந்தேன். வேறு மாவட்டம் கேட்டு நான் போட்ட மனுக்கள் எல்லாம் பரிசீலனையில் இருக்கும்போதே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

ஆய்வு ஆலையின் வாசலிலேயே தொடங்கும். கைபேசி, தீப்பெட்டி, சாவிக்கொத்து எல்லாம் காவலாளியிடம் போகும். செருப்பைக் கழற்ற வேண்டும். சுவரில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு அறை அறையாகப் போக வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, திறக்கும் வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா, இரும்புக் கருவி எதுவும் கிடக்கிறதா, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, வெடிமருந்து அந்த நேரத்துக்குத் தேவையான அளவுதானா என்று பார்க்க வேண்டும். கடைசியில் தலை எண்ண வேண்டும். அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம். சீசனில் ஆர்டர் குவியும்போது இந்த நாலு ஐந்தாகும், ஆறாகும். ஜீப் சத்தம் கேட்டதும் மறுபடி நாலாகிவிடும். மிச்சமிருப்பவர்கள் பின்பக்க வேலியைத் தாண்டி கருவேலங்காட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் நான் அறையில் தலை எண்ணுவதை நம்புவதில்லை. வாசலில் முடிச்சு எண்ணுவேன்.

உலோகம் உரசினால் பொறி பறக்கும். கொலுசு, மெட்டி, கொண்டை ஊசி எதையும் வேலை அறைக்குள் கொண்டு போகக் கூடாது. பெண்கள் அவற்றைக் கழற்றி ஒரு துணித்துண்டில் முடிந்து, வாசல் பக்கத்து வேப்பங்கிளையில் தொங்கவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கிளை. வேலியைத் தாண்டி ஓடுகிறவர்கள் முடிச்சை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. எல்லா ஆலையிலும் இந்த வழக்கம் இல்லை. இருந்த இடங்களில் கிளையைப் பார்த்தாலே எனக்குக் கணக்குத் தெரிந்துவிடும். எந்தக் கையேட்டிலும் இது கிடையாது. பணிக்கு வந்த புதிதில், ஒரு விபத்து நடந்த இடத்தில் தெரிந்துகொண்டேன். பின்னாளில் மூடப்பட்டுவிட்ட ஆலை அது. அறையில் நாலு பேர் இருந்தார்கள் என்று நிர்வாகம் சொன்னது. சரிபார்க்க அறை மிச்சமில்லை. கிளையில் ஐந்து முடிச்சுகள் தொங்கின. என் அறிக்கையில் ஐந்து என்று எழுதினேன். ஐந்துதான் என்பது பிறகு உறுதியானது.

இனி மேலதிகாரி. அவரை இங்கே சிவகுருநாதன் என்று சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் வெயிலுக்குப் பழகாமலே ஐந்தாறு கோடையைக் கழித்தவர். சட்டைப்பையில் எப்போதும் மடித்த ஈரக் கைக்குட்டை இருக்கும். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்தில் எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள், கடைசிப் பக்கத்தில்தான் என்ன வேண்டும் என்று தெரியும் என்பது அவர் கட்சி. முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கையெழுத்துப் போட விரும்பாத கோப்பின் மேல், தூரப் பார்வைக்குப் போடும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். அவ்வளவுதான். கண்ணாடி ஏறிய கோப்பு மேசையின் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் போனது வருவதில்லை. குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. நேர்மையானவர். ஆலைக்காரர்கள் கொடுத்துவிடும் காலண்டரைக்கூட வாங்க மாட்டார். அவரைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். எனக்குச் சில நாள் அந்தக் காரணம் கிடைத்தது.

முத்துமாரி ஆமத்தூர்ப் பக்கம். வீட்டில் பாட்டன் காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலி வேலை, அம்மா காலத்தில் பட்டாசு ஆலை. பெண் தேர்வு எழுதி எங்கள் அலுவலகத்துக்கு உதவியாளராக வந்தார். பதிவறை அவர் பொறுப்பு. அதிகம் பேச மாட்டார். பேசினால் நாம் திரும்பிப் பேச முடியாது. ஒருநாள் காலை என் மேசையில் தடித்த தாள்கட்டு ஒன்றை வைத்து, மேலே ஒரு விண்ணப்பத்தையும் வைத்தார். தான் 'அணையாபுரம்' என்றொரு நாவல் எழுதியிருப்பதாகவும், மதுரையில் ஒரு பதிப்பகம் வெளியிட ஒப்புக்கொண்டிருப்பதாகவும், அனுமதி வேண்டுவதாகவும் அதில் இருந்தது.

"இதுக்கு அனுமதியே வேண்டாமே," என்றேன்.

"தெரியும் சார். நாளைக்கு யாராவது பெட்டிசன் போட்டா? நாம முந்திக் கேட்டு வச்சுக்கிட்டா நல்லதுதான."

"கேட்டா கோப்பு ஆயிரும்மா. கோப்பு ஆனா அத முடிக்கணும்."

"முடிங்க சார். அதுக்குத்தான இருக்கீக."

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வெளியாள் யாரும், வேண்டாத கதவை இப்படித் தட்டித் திறந்து வைக்க மாட்டார்.

சிவகுருநாதன் விண்ணப்பத்தைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படித்தார்.

"அனுமதி தேவையில்லைன்னு விதி சொல்லுது சார்," என்றேன்.

"தேவையில்லைன்னா அந்தப் பொண்ணு ஏன் கேக்குது?"

"பயந்துதான் சார்."

"பயப்பட ஒண்ணும் இல்லாதவங்க பயப்பட மாட்டாங்களே." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "முற்றிலும் இலக்கியம்னா அனுமதி வேண்டாம். சரி. முற்றிலும்னு யார் சொல்றது?"

"படிச்சவங்க சொல்லலாம்."

"அப்ப நீங்க படிங்க. ஆலை ஆய்வு பண்றீங்கல்ல, அது மாதிரி நிறை, குறை ரெண்டும் எழுதி அறிக்கை குடுங்க. எனக்கும் ஒரு பிரதி எடுத்து வச்சிருங்க."

அப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. ஆலைக்கும் ஆலைக்கும் நடுவில், ஜீப்பில், தாள்கட்டை மடியில் வைத்துப் படித்தேன். ஓட்டுநர் காளிராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன சார், புது ஆக்டா?"

"நாவல். மலைக்கு அடியில நெருப்ப ஒரு மிருகம் மாதிரி கட்டி வச்சிருக்காங்க. அத வச்சு ஒரு ராணிக்குத் திருவிழா நடக்கு."

"மலைக்கடியிலயா? அதுக்கு லைசென்ஸ் வாங்கிருக்காகளா சார்?"

சிரித்துவிட்டேன். ஆனால் நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். சிவப்புப் பென்சிலோடு முதல் நாற்பது பக்கத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஓரத்தில் 'கிடங்குக்கும் வேலை அறைக்கும் போதிய இடைவெளி இல்லை', 'இரும்புச் சங்கிலி, ஆட்சேபம்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். அழிப்பான் கொண்டு அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

கதை இதுதான். அணையாபுரத்தில் நெருப்புக்கு உயிர் உண்டு. கீழ்த்தெருப் பெண்கள் அதன் மூச்சை மண்ணில் பிசைந்து ஒளிமணிகளாக உருட்டுகிறார்கள். திருவிழா நாளில் அவை வானத்தில் வெடித்து ராணியின் முகமாகத் தெரியும். செங்காந்தி என்ற பெண், தன் சிறிய தாயாரைத் தேடி அந்த மலைக்குள் போகிறாள்.

குறைகள் நிறைய இருந்தன. தொடக்கத்திலேயே ஒரு முனிவர் வந்து நடக்கப் போவதையெல்லாம் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு நாம் படிப்பது சரிபார்ப்பதற்காக மட்டும்தான். கெட்ட மந்திரி வரும்போதெல்லாம் சிரிக்கிறான். என்ன சிரிப்பு என்று அவனுக்கும் தெரியாது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பாலைவனத்தைக் கடக்கிறார்கள். கடக்காமலே போயிருக்கலாம். பறக்கும் குதிரை ஒன்று வருகிறது, இரண்டு பக்கம் பறக்கிறது, ஆசிரியர் அதை மறந்துவிடுகிறார்.

ஆனால் நெருப்பு வரும் இடங்களில் என்னால் பென்சிலைத் தொட முடியவில்லை. மாய உலகம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த வகைக் கதையைக் கெடுக்கிறார்கள். அந்த உலகத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். அதை எழுதியவரே மீறக் கூடாது. அணையாபுரத்தின் சட்டம் ஒரே வரி: நெருப்பு எடுத்ததைத் திருப்பித் தராது. முத்துமாரி அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். ஒளிமணி உருட்டும் பெண் தும்மல் வந்தால்கூட மெல்ல எழுந்து வெளியே போய்த்தான் தும்முகிறாள். ஈரக்காற்று அடிக்கும் நாளில் அறையே பேச்சில்லாமல் இருக்கிறது. விளக்குச் சுடரில் ஒரு பெண் இழந்த விரல் ரேகை கடைசிவரை திரும்புவதில்லை. பயத்தை இவ்வளவு ஒழுங்காக எழுதி நான் படித்ததில்லை.

பிறகு ஒன்பதாம் அத்தியாயம்.

மலைக்குள் ஒரு சின்ன அறை. நாலு பேருக்கான இடத்தில் ஐந்து பெண்கள். அறைக்கு வெளியே, கல்மரத்தின் கிளையில், அவர்களுடைய நகைகள் முடிந்த ஐந்து துணி முடிச்சுகள். நெருப்பு கட்டறுத்துக்கொண்டு வருகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்கிற இடத்தில் சாம்பலிலிருந்து ஒரு பறவை எழுந்து, சிறகுக்குள் ஐவரையும் மூடி வெளியே கொண்டுவந்து விடுகிறது. அவர்கள் கிளைக்குப் போய், அவரவர் முடிச்சை அவிழ்த்து, மெட்டியைப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறார்கள்.

"சார், ஆலை வந்துருச்சு," என்றார் காளிராஜ். நான் இறங்கவில்லை. இன்னொரு ஆலைக்குப் போகச் சொன்னேன். அங்கேயும் இறங்கவில்லை. "வண்டிய எங்கனயாவது நிறுத்தவா சார், இல்ல மாவட்டத்தவே ஒரு சுத்து சுத்தவா?" என்று கேட்டார். சுற்றச் சொன்னேன்.

அலுவலகம் திரும்பியபோது சிவகுருநாதன் என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். அவருடைய பிரதியைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படித்துக்கொண்டு வந்ததால், ஒன்பதை எனக்கு முன்பே பிடித்துவிட்டார். மேசையில் நாவல். பக்கத்தில் பழைய கோப்பு ஒன்று. அதில் என் கையெழுத்து.

"அஞ்சு முடிச்சு," என்றார். "உங்க விபத்து அறிக்கையில இருக்கு. பேப்பர்ல வரல, கோர்ட்டுக்குப் போன தாள்லயும் இல்ல, தேடிட்டேன். இந்தக் கோப்பு பதிவறையில இருக்கு. பதிவறைச் சாவி யார்கிட்ட?"

"முத்துமாரிகிட்ட."

"அப்ப அலுவலகத் தகவல எடுத்துக் கதையில போட்டிருக்கு. இது இலக்கியம் இல்ல சார், நடத்தை விதி மீறல். அனுமதி பத்தின பேச்சே இல்ல. விளக்கம் கேட்டுக் குறிப்பாணைதான் குடுக்கணும்."

"நான் அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன் சார்."

"கேளுங்க. ஆனா கோப்பப் பாக்கலைன்னு வாயால சொன்னா எனக்குப் பத்தாது. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன காட்டுவேன்?" கண்ணாடியைக் கழற்றி நாவலின் மேல் வைத்தார்.

ஒழுங்கு நடவடிக்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். வேலை போகாது. ஆனால் ஊதிய உயர்வு நிற்கும், பதவி உயர்வு நிற்கும், ஆளைப் பார்த்தால் நாலு பேர் பேச்சை நிறுத்துவார்கள். அந்தக் குடும்பத்தில் பட்டாசு ஆலைக்கு வெளியே சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்.

பதிவறையில் அலமாரிகளுக்கு நடுவில் முத்துமாரி தரையில் உட்கார்ந்து கோப்பு தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தையலை நிறுத்தவில்லை.

"அந்தக் கோப்ப நான் பிரிச்சதே இல்ல சார். தூசி தட்டி அடுக்கி வைப்பேன். பிரிச்சா என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

"முடிச்சு எப்படித் தெரியும்?"

"அஞ்சுல ஒண்ணு எங்க சித்தியோடது. அம்மாவும் அதே கம்பெனிதான், அன்னைக்குக் காய்ச்சல்னு போகல. மறுநா எங்கம்மா போய் அத வாங்கும்போது நானும் கூடப் போனேன். வீடு வரைக்கும் நாந்தான் கையில வச்சிருந்தேன். அம்மாவுக்குத் தொட ஏலல."

அன்று ஆலை வாசலில் குழந்தைகள் பலர் நின்றார்கள். இவர் அவர்களில் யார் என்று எனக்கு நினைவில்லை.

"இன்னும் அவுக்கல சார்," என்றார். "பீரோவுல இருக்கு."

இதை அப்படியே எழுதினால் கோப்பைத் திருடினார் என்ற பழி போகும். ஆனால் அடுத்த நிமிடமே, இது கற்பனை இல்லை, நடந்தது என்றாகும். நடந்தது என்றால் முற்றிலும் இலக்கியம் இல்லை. இரண்டு வழியிலும் அந்த அத்தியாயம் போகும். இதைச் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"கதை எப்படி சார் இருக்கு? அதச் சொல்லலையே."

சொன்னேன். முனிவர் வேண்டாம், பாலைவனம் நீளம், மந்திரி சிரிக்கக் கூடாது, குதிரை எங்கே போனது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"ஒன்பதாவது அத்தியாயம்தான் பெரிய குறை," என்றேன். "நெருப்பு எடுத்தது திரும்பி வராதுங்கறது உங்க சட்டம். அம்புட்டுப் பக்கம் அதக் காப்பாத்திட்டு, அந்த ஒரு இடத்துல நீங்களே மீறிட்டீங்க. பறவை எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் கிடையாது."

முத்துமாரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ரூல மீறித்தான சார் அந்த ரூம்ல அஞ்சு பேர உக்கார வச்சாக. வெளிய கொண்டாரதுக்கு நான் ஒரு தடவ மீறக் கூடாதாக்கும்?"

குறை குறைதான், அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. அவர் சொன்னதும் சரிதான்.

அறிக்கையைப் பல முறை எழுதிக் கிழித்தேன். வழக்கமான ஆய்வில் நிறையை நிறை என்றும் குறையைக் குறை என்றும் எழுதினால் போதும். இங்கே எல்லாம் தலைகீழ். நாவலில் எது நன்றாக இருக்கிறதோ அது எங்கள் மாவட்டத்தின் சாயலில் இருந்தது. அதைப் பாராட்டினால் காட்டிக்கொடுத்ததாகும். எது மோசமோ அதுதான் கற்பனை என்பதற்குச் சாட்சி. எனவே முனிவரை விரிவாக எழுதினேன். பறக்கும் குதிரைக்கு ஒரு பத்தி கொடுத்தேன். மந்திரியின் சிரிப்பு எத்தன்மையது என்பதையும் குறிப்பிட்டேன். நெருப்பைப் பற்றிய இடங்களுக்கு 'வர்ணனைகள் உள்ளன' என்று இரண்டே சொல். இவ்வளவு நேர்மையில்லாத நூல் மதிப்புரையை யாரும் எழுதியிருக்க முடியாது. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுபோனேன். எழுந்து நடந்தேன். டீ குடித்தேன். வெளியே வெயிலில் நின்றேன். திரும்பி வந்து ஆறாவது பத்தியை எழுதினேன். அதை இங்கே அப்படியே தருகிறேன்.

'ஒன்பதாம் அத்தியாயத்தில், வேலை அறையில் தீப்பற்றிய பின், உள்ளே இருந்த ஐந்து பெண்களும் உயிருடன் வெளியே வந்து, தாங்கள் தொங்கவிட்டுச் சென்ற முடிச்சுகளைத் தாங்களே அவிழ்த்து அணிந்துகொள்வதாக எழுதப்பட்டுள்ளது. நான் நேரில் ஆய்வு செய்த இத்தகைய விபத்து எதிலும் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. இவ்வலுவலகக் கோப்புகள் எதிலும் இவ்வாறான நிகழ்வு பதிவாகவில்லை. எனவே இவ்வத்தியாயம் அலுவலகத் தகவல் எதன் அடிப்படையிலும் அமைந்ததல்ல என்றும், முற்றிலும் கற்பனையே என்றும் அறிக்கை அளிக்கிறேன்.'

சிவகுருநாதன் வழக்கம்போலக் கடைசியிலிருந்து தொடங்கினார். ஆறாவது பத்திதான் கடைசி. அதற்கு மேல் போகவில்லை. ஈரக் கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இப்படி ஒரு தடவகூட நடந்ததில்லையா?" என்று கேட்டார்.

"நான் பாத்ததுல இல்ல சார்."

நாவலின் மேல் கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குறிப்பாணை பற்றிப் பிறகு பேசவில்லை. 'அறிக்கை ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆனால் இறுதி முடிவெடுக்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. ஒரு கோப்பில் துணிச்சலுக்கு ஓர் அளவுதான் உண்டு. சென்னைக்கு அனுப்பினார்.

அங்கிருந்து முதலில் ஒரு கேள்வி வந்தது. அணையாபுரம் எந்த வருவாய் வட்டத்தில் அமைந்துள்ளது என்பதைத் தெரிவிக்க வேண்டுமாம்.

"என்ன சார் எழுத?" என்றார் முத்துமாரி.

"காரியாபட்டின்னு போட்டுருங்க," என்றார் அந்தப் பக்கமாக வந்த காளிராஜ். "அம்புட்டுத் தொலவு யாரும் போய்ப் பாக்க மாட்டாக."

இம்மாவட்டத்தில் அவ்வாறான ஊர் இல்லை என்று பதில் அனுப்பினோம். அடுத்த கேள்வி பறவையைப் பற்றியது. அதை விட்டுவிடுகிறேன். பிறகு கடிதம் நின்று, தொலைபேசி வந்தது. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டால் மறுநாளே முடித்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். மதுரைப் பதிப்பகமும் நெருக்கியது. சிவகாசி அச்சகங்களில் காலண்டர் வேலை தொடங்கிவிட்டால் பிறகு ஒரு புத்தகத்துக்கு இடம் கிடைக்காது.

எனக்கு அந்தக் கோப்பு முடிந்தால் போதும் என்றிருந்தது. "இப்ப எடுத்துட்டு, ரெண்டாம் பதிப்புல சேத்துக்கலாமே," என்றேன்.

"நீங்களா சார் இதச் சொல்றீக?"

"புத்தகம் வரணும்லம்மா."

"அந்த அத்தியாயத்துக்குப் போய்ச் சேரத்தான் சார் மத்தத எல்லாம் எழுதுனேன். அத எடுத்துட்டா, பாலைவனமும் குதிரையுந்தான் மிஞ்சும். அத யாரு படிப்பா, நீங்க படிப்பீகளா?"

எடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார். தீபாவளி வந்தது, போனது. காலண்டர்கள் அச்சாகி லோடு லோடாக ஊரை விட்டுப் போயின. சிவகுருநாதன் மாறுதலில் சொந்தப் பக்கம் போனார். போகும்போது என்னிடம் அந்தக் கோப்பு என்னாயிற்று என்று மட்டும் கேட்டார். நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்தும் காலையில் எழுந்ததும் கோப்பு நினைவுதான். வாரத்துக்கு ஒரு முறையாவது முத்துமாரியைப் போனில் கூப்பிடுவேன். "வந்தா நானே சொல்லுவேன்ல சார், கொஞ்சம் உக்காருங்களேன்," என்பார். காத்திருந்த காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. முனிவரை வெளியேற்றினார். பாலைவனம் அரைப் பக்கமானது. மந்திரி சிரிப்பதை நிறுத்தினான். குதிரைக்கு ஒரு சாவு கிடைத்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

தேங்கிக் கிடக்கும் கோப்புகளை ஆண்டுக் கணக்கு முடியும் நாளில் கொத்தாக முடித்து அனுப்புவது தலைமையிடத்து வழக்கம். நிலுவைப் பட்டியல் நீளமாக இருந்தால் அவர்களையும் யாரோ கேட்பார்கள். இதைத் தெரிந்தும் நான் மற்ற நாட்களில் எதிர்பார்த்தேன்.

ஒருநாள் சாயங்காலம் முத்துமாரியே கூப்பிட்டார்.

"வந்துருச்சு சார்," என்று கடிதத்தை வாசித்தார். அவருக்குக் கோப்புத் தமிழ் வாசிக்கும் ஒரு குரல் உண்டு, ஏற்ற இறக்கம் இல்லாதது. 'ஆய்வறிக்கையின் ஆறாவது பத்தி ஏற்கப்படுகிறது. தீப்பற்றிய அறையிலிருந்து ஐந்து பெண்களும் உயிருடன் வெளிவருவது முற்றிலும் கற்பனையே என முடிவு செய்யப்படுகிறது. முற்றிலும் இலக்கியம் சார்ந்த படைப்புக்கு முன் அனுமதி தேவையில்லை என்பதால், இவ்விண்ணப்பத்தின் மீது நடவடிக்கை ஏதும் அவசியமில்லை.'

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"முற்றிலும் கற்பனை," என்றார் முத்துமாரி. "சர்க்காரே எழுதிக் குடுத்துட்டாக." குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அம்மாகிட்ட இத வாசிச்சுக் காட்டவா சார்?"

"இது வேண்டாம். ஒன்பதாவது அத்தியாயத்த வாசிங்க."

"அத எப்பவோ வாசிச்சாச்சு. மறுபடி வாசிக்கச் சொல்லிக்கிட்டே இருக்கு."

என்ன சொல்வதென்று தெரியாதபோது அலுவலர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"மார்ச் முப்பத்தொண்ணு," என்றார்.